கல்யாணப் பத்திரிகையில் ஸ்கிரிப்ட் எழுத்துரு அடம்பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

குடியாத்தத்திலிருந்து வந்த பெரியவர் புரூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, என் மகள் பெயரை ஏன் நடுவில் வெட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பெண்ணின் பெயர் பிரியா. ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. மூன்றாவது எழுத்துக்கும் நான்காவதற்கும் நடுவே மயிரிழை அளவுக்கு வெள்ளை தெரிந்தது. அலுவலகக் கடிதமாக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில், அதுவும் பிரியா என்ற பெயரில், அப்படி ஒரு பிரிவைப் பார்த்தால் பெற்றவர் மனம் என்ன பாடுபடும்!

வேலூரில் டிடிபி வேலை பார்க்கும் எனக்கு, சரிந்தும் சுழித்தும் கொடிபோல் பின்னிக்கொண்டும் ஓடும் இந்த ஆங்கில எழுத்துருக்களோடு ஒவ்வொரு முகூர்த்தக் காலத்திலும் மல்லுக்கட்டுதான். எட்வர்டியன் ஸ்கிரிப்ட், கிரேட் வைப்ஸ், ஸ்நெல் ரவுண்ட்ஹேண்ட் என்று பெயர்கள் மாறும்; வரும் நோய்கள் ஏறக்குறைய அதேதான். இப்போது ஆடி மாதம், பத்திரிகை வேலை இல்லை. அதனால் உட்கார்ந்து எழுத முடிகிறது. உங்கள் கோப்பில் என்ன அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில், கைப்பணம் கரையும் காரணம் கடைசியில்.

எதற்கும் முன் ஒரு சோதனை

புதிய வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, அதே சொல்லை அதே எழுத்துருவில் 72 புள்ளி அளவில் தட்டச்சு செய்யுங்கள். வேறு எந்த அமைப்பையும் தொடாதீர்கள். பிடிஎஃப் ஆக்கி, 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்.

அங்கே சரியாக இருந்தால் குற்றம் உங்கள் பழைய கோப்பில். அங்கேயும் அதே கோளாறு என்றால் எழுத்துருவிலோ மென்பொருளிலோ. பிடிஎஃப் சுத்தமாக இருந்து தாளில் மட்டும் கெட்டால் கணினியை விட்டுவிட்டு அச்சகத்துக்குப் போங்கள். இரண்டு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் எழுத்துருவை நீக்கி, மறுபடி நிறுவி, கடைசியில் கணினியையே ஃபார்மட் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

அறிகுறி: எழுத்துகள் கைகோக்காமல் தனித்தனியே நிற்கின்றன

பத்துக்கு எட்டு முறை யாரோ எழுத்து இடைவெளியைத் தொட்டிருப்பார்கள். சாதாரண எழுத்துருவில் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் அழகு கூடும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கை போய்விடுகிறது. ஸ்கிரிப்ட் எழுத்துருவில் ஓர் எழுத்தின் வால் முடியும் இடத்தில்தான் அடுத்த எழுத்தின் தலை தொடங்கும்படி வரைந்திருப்பார்கள். துளி கூட்டினாலும் கை விட்டுப்போகும். இடைவெளி பூச்சியமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேர்டில் கண்ட்ரோல் டி அழுத்தி, அட்வான்ஸ்டு பக்கத்தில் ஸ்பேசிங் 'நார்மல்' என்று இருக்கவேண்டும்.

கோரல் என்ற வரைகலை மென்பொருளில் இந்தத் தவறு தெரியாமலேயே நடக்கும். எஃப்10 அழுத்தி ஷேப் கருவியை எடுத்தால், சொல்லின் வலக் கீழ்மூலையில் சிறிய அம்புக்குறி ஒன்று தோன்றும். பெட்டியைப் பெரிதாக்குவதாக நினைத்து அதை இழுத்துவிடுவார்கள். எழுத்தின் அளவு மாறாது, இடைவெளிதான் விரியும். பிரியா என்ற பெயர் வெட்டுப்பட்டதும் அப்படித்தான், இழுத்தவன் நான்தான்.

இடைவெளி பூச்சியம், ஆனாலும் விலகியே இருக்கிறதா? வரி அமைப்பைப் பாருங்கள். இருபுறமும் சமமாக நிரப்பும் 'ஜஸ்டிஃபை' போட்டிருந்தால் சில மென்பொருள்கள் சொற்களுக்கு நடுவே மட்டுமல்லாமல் எழுத்துகளுக்கு நடுவேயும் இடம் திணிக்கும். ஸ்கிரிப்ட் வரியை நடுவில் நிறுத்துங்கள் அல்லது இடப்புறம் சேருங்கள், நிரப்பாதீர்கள்.

இல்லஸ்ட்ரேட்டர், ஃபோட்டோஷாப், இன்டிசைன் பயன்படுத்துகிறவர்கள் எழுத்து ஜோடிகளின் இடைவெளியைக் காட்டும் கெர்னிங் பெட்டியில் 'ஆப்டிகல்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது மென்பொருள் தன் கண்ணால் அளந்து வைக்கும் இடைவெளி. ஸ்கிரிப்டுக்கு வேண்டியது எழுத்துருவை வரைந்தவர் அளந்து வைத்த இடைவெளி, அதாவது 'மெட்ரிக்ஸ்'. மாற்றியவுடன் எழுத்துகள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட ஜோடி எழுத்து மட்டும் விலகினால், உங்களிடம் இருப்பது எங்கிருந்தோ இறக்கிய கெட்ட பிரதியாக இருக்கலாம். ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இடைவெளி அட்டவணை உதிர்ந்துபோன பிரதிகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. கிரேட் வைப்ஸ் போன்றவை திறந்த உரிமத்தில் இலவசமாகவே மூல வடிவில் கிடைக்கும்போது சந்தேகப் பிரதி எதற்கு? பணம் கொடுத்து வாங்கும் எழுத்துரு என்றால் வாங்குங்கள்.

நிபுணரை எப்போது கூப்பிடுவது: மணமகன், மணமகள் பெயர் இரண்டுதான் பிரச்சினை என்றால் எழுத்துகளைப் பிரித்து நீங்களே கையால் நகர்த்தி ஒட்டிவிடலாம். உள்பக்கம் முழுவதும் அப்படி நகர்த்த உட்கார்ந்தால் விடிந்துவிடும். நல்ல எழுத்தோவியர் ஒருவரிடம் அந்த இரண்டு பெயர்களை மட்டும் எழுதி வாங்கி, உள்பக்கத்துக்கு வேறு எழுத்துருவைப் போடுங்கள்.

அறிகுறி: மேல் சுழிப்போ கீழ் வாலோ வெட்டுப்படுகிறது

முதலில் பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள். திரையில் மட்டும் வெட்டுப்பட்டுத் தெரிந்து, பிடிஎஃபில் முழுதாக வருவது உண்டு. அப்படியானால் செய்வதற்கு ஒன்றுமில்லை, வேலையைத் தொடருங்கள்.

பிடிஎஃபிலும் வெட்டு இருந்தால் வரி உயரத்தைப் பாருங்கள். வேர்டில் 'எக்ஸாக்ட்லி' என்று வைத்திருந்தால் அந்த உயரத்துக்கு மேல் எழுவதை அது தயவு தாட்சண்யம் இல்லாமல் நறுக்கிவிடும். 'அட் லீஸ்ட்' என்று மாற்றுங்கள். முதல் எழுத்தின் இடப்பக்கச் சுழிப்போ கடைசி எழுத்தின் வாலோ போகிறது என்றால் சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரு வெற்றிடம் தட்டுங்கள். கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். பல கைபேசிச் செயலிகளில் இதுதான் ஒரே மருந்து.

இப்படி ஏன் ஆகிறது என்பதற்கு ஒரு வரி மட்டும். ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் தன் கட்டைக்குள் அடங்கிக் கிடந்தது. எழுத்துரு வடிவமைப்பாளர் மாத்யூ கார்ட்டர் 1960களில், ஈயம் இல்லாமல் ஒளியால் எழுத்தைப் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்புக்காக ஸ்நெல் ரவுண்ட்ஹேண்டை வரைந்தபோது அந்தக் கட்டை இல்லாமல் போய், ஒன்றின் வால் இன்னொன்றின் வீட்டுக்குள் தாராளமாக நுழைந்தது. மென்பொருள்கள் பல இன்னும் கட்டைக் கணக்கிலேயே இருக்கின்றன.

அறிகுறி: எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் வெள்ளை ஓட்டை, அல்லது ஸ்டிக்கர் துண்டு துண்டாக உதிர்கிறது

இது கோரல் வைத்திருப்பவர்களின் பிறவி நோய். சொல்லைத் தட்டச்சு செய்தபோது அழகாக இருக்கும். அச்சகத்துக்கு அனுப்புவதற்காகக் கண்ட்ரோல் க்யூ அழுத்திக் கர்வ் ஆக்கியதும், அதாவது எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றியதும், ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் ஏறும் இடத்திலெல்லாம் எள் அளவு வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். முழு அளவில் பார்த்தால் தெரியாது. பிளேட் என்னும் அச்சுத் தகடு போட்டு ஆயிரம் தாள் ஓடிய பிறகு தெரியும்.

காரணம் எளிது. கர்வ் ஆனதும் எழுத்துகள் எல்லாம் சேர்ந்து ஒரே உருவம் ஆகிவிடுகின்றன. ஒரே உருவத்தில் இரண்டு பகுதி மேலேறினால் அந்த இடத்தைக் கோரல் ஓட்டை என்று எடுத்துக்கொள்கிறது. கண்ட்ரோல் எல் கொடுத்துக் கம்பைன் செய்தாலும் இதே கதை.

சரிசெய்யும் வரிசை முக்கியம். மாற்றினால் வேறு வம்பு வரும். கர்வ் ஆக்குவதற்கு முன்பே, எழுத்து எழுத்தாக இருக்கும்போதே, கண்ட்ரோல் கே அழுத்திச் சொல்லைத் தனி எழுத்துகளாக உடையுங்கள். ஒருமுறையில் வரி உடையும், அடுத்து சொல், அடுத்து எழுத்து. பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'வெல்ட்' கொடுங்கள். பற்றவைத்ததுபோல் ஒரே உடலாக வந்துவிடும். இல்லஸ்ட்ரேட்டர் என்றால் அவுட்லைன் ஆக்கிவிட்டுப் பாத்ஃபைண்டரில் 'யுனைட்'.

முதலில் கர்வ் ஆக்கிவிட்டுப் பிறகு கண்ட்ரோல் கே அழுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? ஆங்கிலச் சிறிய ஏ, இ, ஓ ஆகியவற்றின் வயிற்றுக்குள் இருக்கும் வெற்றிடமும் தனி உருவமாகப் பிரிந்து, கருப்பாக அடைத்துக்கொள்ளும். வெள்ளை ஓட்டையை அடைக்கப் போய், இருக்கவேண்டிய ஓட்டையையும் அடைத்த கதை. அப்படி ஆகிவிட்டால் உருட்டிப் புரட்டிச் சரிசெய்யாதீர்கள். கண்ட்ரோல் இசட் அழுத்தித் திரும்பிப் போங்கள். திரும்ப வழியில்லை என்றால் புதிதாகத் தட்டச்சு செய்வதே வேகம். இதற்காகவே கர்வ் ஆக்காத பிரதி ஒன்றை எப்போதும் தனியாகச் சேமித்து வையுங்கள்.

வினைல் ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டருக்கு அனுப்புகிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. கத்தி கோட்டைத்தான் பின்பற்றும். மேலேறும் இடத்தில் இரண்டு எழுத்தின் கோடுகளும் இருந்தால் இரண்டையும் வெட்டும். கடைக் கண்ணாடியில் ஒட்டும்போது எழுத்து இணைப்புகளிலிருந்து பொட்டுப் பொட்டாக உதிரும். கத்தி மழுங்கிவிட்டது என்று கத்தியை மாற்றுவார்கள். கத்தியில் ஒன்றுமில்லை. கம்பிச் சட்டமாகக் காட்டும் வயர்ஃப்ரேம் பார்வைக்கு மாறிப் பாருங்கள். இணைப்பில் குறுக்குக் கோடு தெரிந்தால் வெல்ட் ஆகவில்லை.

நிபுணர்: இங்கே யாரும் தேவையில்லை. வெல்ட் கொடுத்தும் குறுக்குக் கோடு போகவில்லை என்றால் மட்டும், பிளாட்டர் ஓட்டுகிறவரிடம் கோப்பைக் கொடுத்து அவர் மென்பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: திரையில் இருந்த மெல்லிய கோடு தாளில் காணவில்லை

மற்ற எல்லாக் கோளாறுகளும் சேர்ந்து தரும் தலைவலியை இது ஒன்றே தரும். செப்புத்தகட்டுப் பாணி ஸ்கிரிப்டில் கீழிறங்கும் கோடு தடித்தும் மேலேறும் கோடு நூலிழையாகவும் இருக்கும். அந்த நூலிழைதான் அழகு. அச்சில் முதலில் சாவதும் அதுதான்.

செலவில்லாத வழி: அளவைக் கூட்டுங்கள். இந்த எழுத்துருக்கள் தலைப்புக்காகப் பிறந்தவை. 36 புள்ளியில் ராணி மாதிரி இருப்பது 11 புள்ளியில் நூல் பிரிந்த துணி மாதிரி ஆகிவிடும். முகவரி, நிகழ்ச்சி நிரல், "தங்கள் நல்வரவை விரும்பும்" இவற்றையெல்லாம் ஸ்கிரிப்டில் போடாதீர்கள். வாடிக்கையாளர் வற்புறுத்துவார். ஒரே ஒரு பத்தியைப் போட்டு, அச்சிட்டு, அவர் வீட்டுப் பெரியவரிடம் படிக்கச் சொல்லுங்கள்.

கண்ட்ரோல் பி அழுத்தித் தடிமனாக்க நினைக்காதீர்கள். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்கு மென்பொருள் மையைப் பூசிக் காட்டும்; இணைப்புகள் வீங்கிக் குமிழ் குமிழாகிவிடும். அதற்குப் பதில் எழுத்தின் அதே நிறத்தில் 0.25 புள்ளி வெளிக்கோடு கொடுங்கள். முனைகள் உருண்டையாக இருக்கட்டும். கோரலில் வெளிக்கோட்டுப் பெட்டியில் உருவத்தோடு கோடும் அளவு மாறும்படி டிக் செய்யவேண்டும். மறந்துவிட்டு, ஏ4இல் செய்ததைப் பின்னால் சிறிய அட்டைக்குச் சுருக்கினால், எழுத்து சுருங்கும், கோடு சுருங்காது, எல்லாம் கருத்துப்போகும்.

இனி அச்சு முறையைப் பொறுத்துப் பிரியவேண்டும்.

ஆஃப்செட் என்றால் நிறத்தைக் கேளுங்கள். நம் ஊர்ப் பத்திரிகைக்கு மெரூன் இல்லாமல் ஆகாது. நான்கு வண்ண அச்சில் மெரூன் என்பது மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று மூன்று பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உண்டாவது. 0.25 புள்ளிக் கோட்டின் தடிமன் 0.09 மில்லிமீட்டர்தான். ஒரு பிளேட் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பக்கத்தில் பக்கத்தில் விழும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு கோட்டுக்குப் பதில் ரோஜா நிறத்தில் ஒன்றும் சாம்பலில் ஒன்றும் தெரியும். ஸ்கிரிப்ட் பெயரைத் தனி மையில், ஒரே பிளேட்டில் அடிக்கச் சொல்லுங்கள். தனி மைக்குச் செலவு கூடும். முடியாது என்றால் ஒரு நிறமாவது நூறு சதவீதம் இருக்கும்படி கலவையை மாற்றுங்கள். கருநீலப் பின்னணியில் வெள்ளை ஸ்கிரிப்ட் கேட்பவர்களிடம் எழுத்தை ஒரு படி தடிக்கச் செய்ய அனுமதி வாங்கிவிடுங்கள். நான்கு பக்கமும் மை நெருக்கும்போது நூலிழை வெள்ளை நிற்காது.

ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் பொருளைக் கேளுங்கள். அட்டையில் நிற்கும் கோடு தாம்பூலப் பையில் நிற்காது. பையின் துணி மேடு பள்ளமாக இருப்பதால் மெல்லிய கோடு புள்ளி புள்ளியாக அறுபடும். பைக்குத் தனியாக, நூலிழை இல்லாத, தூரிகைப் பாணி ஸ்கிரிப்டைப் போடுங்கள். பத்திரிகையில் இருக்கும் அதே எழுத்துத்தான் பையிலும் வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டால், இரண்டு பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் பெரிதாக வைத்து ஒப்பேற்றலாம். அட்டையிலேயே கோடு அறுபட்டால் ஸ்கிரீன் சரியாகக் கழுவப்படாமல் மெல்லிய கோட்டின் கண் திறக்காமல் இருக்கும். அதை ஸ்கிரீன் போட்டவரே பார்க்கவேண்டும். மை ஊற்றி அழுத்தி அழுத்தித் தேய்த்தால் தடித்த கோடு கசியும், மெல்லியது அப்படியேதான் இருக்கும்.

தங்க ஃபாயில் என்றால் எதிர்த்திசையிலும் கெடும். மெல்லிய கோடு பிடிக்காமல் போகும்; சிறு சுழிப்பின் வயிறு ஃபாயிலால் அடைபட்டுப்போகும். வெளிக்கோடு கொடுத்தால் முதலாவது தீரும், இரண்டாவது கூடும். அதனால் ஃபாயிலுக்குச் சுழிப்பு குறைந்த எழுத்துருவே உசிதம்.

நிபுணர்: ஃபாயில் பதிக்கும் உலோக அச்சான பிளாக்கைச் செய்யக் கொடுப்பதற்கு முன் அதைச் செய்பவரிடம் கேளுங்கள், பிறகல்ல. உலோகம் அரித்தபின் திருத்த முடியாது, புதிதாகத்தான் செய்யவேண்டும்.

அறிகுறி: எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டம்

அரசன் இல்லாத கோட்டை, நீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் மறுபடி கோட்டைக் கோயிலுக்குள் வந்துவிட்டார். கேலி மட்டும் போகவில்லை. எழுத்து இல்லாத கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவு வரும்.

கட்டம் வந்தது ரூபாய்க் குறியில் என்றால் எழுத்துருவின் வயதைப் பாருங்கள். உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியை மத்திய அரசு 2010 ஜூலையில் ஏற்றது. அதே ஆண்டு அது உலகப் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடில் சேர்ந்தது. அதற்கு முன் செய்து, பிறகு புதுப்பிக்காத எழுத்துருவில் அந்தக் குறி இருக்காது. குறியை மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து எடுத்து, சாய்வைச் சரிசெய்து வையுங்கள்.

எண்களும் நிறுத்தற்குறிகளும் கட்டமாக வந்தால் உங்களிடம் இருப்பது மாதிரிப் பிரதி. விற்பனைக்கு முன் காட்டுவதற்காக எழுத்துகளை மட்டும் வைத்துவிட்டு மீதியை எடுத்துவிடுவார்கள். முழுப் பிரதியை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று போட்டிருந்தால், கூலி வாங்கிக்கொண்டு செய்யும் பத்திரிகை வேலைக்கு அது பொருந்தாது.

அறிகுறி: விளம்பரப் படத்தில் இருந்த சுழிப்பு எனக்கு வரவில்லை

சுழிப்புகள் எழுத்துருவுக்குள்ளேயே மாற்று வடிவங்களாக ஒளிந்திருக்கும். அந்த மாற்று வடிவங்களை எடுக்கும் ஓப்பன்டைப் வசதி தெரிந்த மென்பொருளாக இருந்தால்தான் எடுத்துத் தரும். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் தராது, இன்னும் அதில்தான் வேலை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள். கோரல் எக்ஸ்6 முதல் தரும். வேர்டு 2010 முதல் தரும், ஆனால் கேட்டால்தான் தரும்: கண்ட்ரோல் டி, அட்வான்ஸ்டு, அங்கே இணையெழுத்துகளுக்கான லிகேச்சர் 'நன்' என்று இருப்பதை மாற்றி, ஸ்டைலிஸ்டிக் செட் எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் கிளிஃப்ஸ் பலகையைத் திறந்து வேண்டியதை இரட்டைச் சொடுக்கினால் போதும்.

கிடைத்துவிட்டது என்று எல்லா எழுத்துக்கும் சுழிப்பு மாட்டாதீர்கள். பெயருக்கு முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று. அதற்கு மேல் போனால் ஜடை பின்னியதுபோல் ஆகிவிடும்.

அறிகுறி: அச்சகத்தில் திறந்தால் எழுத்துருவே மாறிவிட்டது

அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. கோப்பைத் திறக்கும்போது, இல்லாத எழுத்துருவுக்குப் பதில் எதைப் போடட்டும் என்று கோரல் ஒரு பெட்டியில் கேட்கும். அவசரத்தில் ஓகே கொடுத்துவிடுவார்கள். கர்வ் ஆக்கிய கோப்பையோ, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃபையோ அனுப்புங்கள். கூடவே சரியான தோற்றத்தின் படம் ஒன்றையும் அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

உங்கள் கணினியிலேயே வேர்டில் தெரிந்து கோரலில் தெரியவில்லை என்றால், எழுத்துருவை நிறுவும்போது அது உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் நிறுவப்பட்டிருக்கும். அதை நீக்கிவிட்டு, வலச்சொடுக்கில் 'எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் யாராலும் படிக்க முடியவில்லை

கோளாறு கணினியில் இல்லை, நம் பெயர்களில் இருக்கிறது. இந்த எழுத்துருக்களை வரைந்தவர்கள் ஒரு பெரிய எழுத்து, அதன் பின்னால் வரிசையாகச் சிறிய எழுத்துகள் என்ற கணக்கில் வரைந்தார்கள். நமக்கோ பெயருக்கு முன் இரண்டு மூன்று இனிஷியல், பெயருக்குப் பின் இரண்டு மூன்று பட்டம். ஒவ்வொன்றும் தோரணம் கட்டிய பெரிய எழுத்து. ஐந்து பேரை வாசற்படியில் ஒரே நேரத்தில் குடை விரித்து நிற்கச் சொன்னதுபோல் ஆகும்.

பெயரை மட்டும் ஸ்கிரிப்டில் வையுங்கள். பட்டத்தைக் கீழே, சிறியதாக, நேரான எழுத்தில் போடுங்கள். இனிஷியலைப் பெயரைவிட ஒரு சுற்று சிறிதாக்குங்கள், அல்லது அதையும் நேரெழுத்தில் போடுங்கள். முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், நான் அப்படித்தான் சொல்லிவிடுகிறேன். சில எழுத்துருக்களில் எஸ்ஸும் எல்லும், டியும் எஃப்பும், ஐயும் ஜேயும் அக்கா தங்கைபோல் இருக்கும். மணமக்களின் பெயரைத் தெரியாத ஒருவரிடம் புரூபைக் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்வதே இதற்குச் சோதனை.

எண்களைப் பற்றி எனக்குத் தழும்பு இருக்கிறது. மாலை 7.30 வரவேற்பு என்பதை ஸ்கிரிப்ட் எண்ணிலேயே விட்டுவிட்டேன். 7இன் மேல்கோடு சுழிந்து இறங்கி 1 மாதிரி நின்றது. 500 பத்திரிகை வீட்டுக்குப் போன பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமா தொலைபேசியில், "ஐயா, மாலை 1.30 என்பது வேலூரில் எப்போது வரும்?" என்று கேட்டார். அத்தனைக்கும் ஒட்டுச்சீட்டு அடித்துக் கொடுத்தேன், என் செலவில். தேதி, நேரம், தொலைபேசி எண் மூன்றும் நேரெழுத்தில்தான். இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

அறிகுறி: தமிழ் வரி மட்டும் குப்பையாக வருகிறது

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை என்றால், பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் தட்டச்சு செய்த தமிழின்மேல் நீங்கள் ஆங்கில ஸ்கிரிப்டைப் போட்டுவிட்டீர்கள். தமிழ் வரியை மட்டும் தேர்ந்தெடுத்துப் பழைய எழுத்துருவைத் திருப்பிக் கொடுங்கள். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பத்திரிகைக் கடைகளில் அலங்காரத் தமிழ் எழுத்துருக்களில் பெரும்பகுதி இன்னும் பழைய குறியேற்றத்தில்தான் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறவர்கள் எந்த வரி எது என்று ஓரத்தில் எழுதிவையுங்கள்.

தமிழாகவே வந்து, கொம்பும் காலும் இடம் மாறிப் புள்ளி வட்டத்தோடு நின்றால், யூனிகோடு தமிழைக் கோக்கத் தெரியாத மென்பொருள் அது. ஃபோட்டோஷாப்பின் சில பதிப்புகளில் எழுத்து விருப்பங்களுக்குப் போய் மத்தியக் கிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்து, மூடித் திறந்தால் சரியாகும். கோரல் பழையது என்றால் பதிப்பை மாற்றுங்கள், அல்லது அந்த வரியைப் பழைய குறியேற்றத்திலேயே வையுங்கள்.

ஆங்கில ஸ்கிரிப்டுக்குப் பொருந்தவேண்டும் என்று தமிழைப் பிடித்துச் சாய்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தமிழ் எழுத்துகள் கைகோத்து ஓடுவன அல்ல. சாய்த்தால் ழகரமும் ணகரமும் குப்புற விழுவதுபோல் இருக்கும். தடித்தும் மெலிந்தும் வரும் தூரிகைப் பாணித் தமிழ் ஒன்றை நிமிர்ந்தபடி வைத்தால் போதும், ஜோடி பொருந்திவிடும்.

அறிகுறி: உருது வரி பிரிந்து, இடமிருந்து வலமாக ஓடுகிறது

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துப் பத்திரிகைகளைச் செய்கிறவர்களுக்கு மட்டும் இது. நஸ்தலீக் என்ற சரிவுப் பாணியில் எழுதும் உருது, ஆங்கில ஸ்கிரிப்டைவிடப் பல மடங்கு கண்டிப்பானது. எழுத்துகள் வலமிருந்து சரிவாக இறங்கிக்கொண்டே வரும். 1927இல் தொடங்கிய சென்னை உருது நாளிதழ் 'தி முசல்மான்' கணினிக் காலத்திலும் கையால் எழுதப்பட்டுவந்தது என்றால் பழக்கம் மட்டும் காரணமல்ல. இந்த எழுத்தைக் கருவிக்குள் அடக்குவது அவ்வளவு பாடு.

எழுத்துகள் தனித்தனியாக, தலைகீழ் வரிசையில் வந்தால் மென்பொருளுக்கு வலமிருந்து எழுதத் தெரியவில்லை. கையால் வரிசை மாற்றி ஒட்டாதீர்கள். நடுவில் எங்கோ ஒரு சொல் தவறும். அந்தத் தவறு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. உருது தட்டச்சு மென்பொருளான இன்பேஜின் பழைய பதிப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினாலும் குப்பைதான் வரும். அதன் குறியேற்றம் தனி. இன்பேஜிலிருந்தே பிடிஎஃப் அல்லது கர்வ் வடிவில் எடுத்து, படமாகக் கொண்டுவந்து வையுங்கள். புள்ளிகள் வெட்டுப்பட்டால் வரி உயரத்தைத் தாராளமாகக் கூட்டுங்கள். தமிழ் வரிக்கு வைத்த உயரம் இதற்குப் போதாது.

உருது படிக்கத் தெரியாதவராக இருந்தால், கோப்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும், ஒரு மில்லிமீட்டர் நகர்த்தியிருந்தாலும், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே பிளேட்டுக்கு அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். மாலைத் தொழுகை முடிந்து வரும் பெரியவர் ஒருவர் என் கடையில் தேநீர் குடித்தபடியே பார்த்துக் கொடுப்பார். கடந்த மாதம் மணமகனின் பெயரில் ஒரு புள்ளி குறைந்திருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார்.